இணையதளத் திட்டமிடலில் தகவல் கட்டமைப்பு: மெனுவை வரைவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவை

ஒரு நிறுவனத்துக்குப் புதிதாக இணையதளம் உருவாக்கும்போது தகவல் கட்டமைப்புக்கென்று, அதாவது உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்திப் பெயரிட்டு, தேடுகிறவர் கண்டடையும்படி அமைப்பதற்கென்று, தனியாக ஒரு கட்டம் ஒதுக்க வேண்டுமா, வடிவமைப்பாளர் முகப்புப் பக்கத்தை வரைந்து தந்த பிறகு எதை எந்த மெனுவில் வைப்பது என்று பார்த்துக்கொண்டால் போதாதா என்பது கேள்வி. போதாது. தளத்தில் எந்தெந்த வகையான பொருள்கள் இடம்பெறப்போகின்றன, அவற்றை எந்தப் பெயரால் அழைக்கப்போகிறோம், அவற்றுக்குள் என்ன உறவு, அவற்றைத் தேடி வருபவர் எந்த வழியாக வருவார் என்பவை முடிவான பிறகு, அந்த முடிவுகளின் வெளித்தோற்றமாக வருவதுதான் மெனு. இவற்றை முடிவு செய்யாமல் மெனுவை வரைந்தால் முடிவுகள் எடுக்கப்படாமல் நின்றுவிடுவதில்லை. யாரும் பொறுப்பேற்காமல், யாரும் கவனிக்காமல் எடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றை வெளிப்படையாக்கி, மாற்றுவதற்குச் செலவு குறைவாக இருக்கும் காலத்திலேயே பேசி முடிக்க வைப்பதுதான் தகவல் கட்டமைப்பின் பங்கு என்பது என் கருத்து.

இந்தச் சிந்தனை இணையத்துக்கு முந்தையது. கட்டடக்கலைஞரான ரிச்சர்ட் சால் வுர்மன், 1976-இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் மாநாட்டுக்குத் தகவலின் கட்டமைப்பு என்பதையே மையப்பொருளாக வைத்தார். இணையதளங்களுக்கு ஏற்ற வேலைமுறையாக அதை வகுத்தவர்கள், நூலகவியல் பயின்ற லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும். 1998-இல் வெளிவந்த அவர்களுடைய நூல் இந்தப் பணியை ஒழுங்கமைத்தல், பெயரிடல், வழிகாட்டல், தேடல் என்று நான்கு அமைப்புகளாகப் பிரித்துக் காட்டியது. நான்கில் வழிகாட்டல் மட்டுமே திரையில் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. ஆகையால் திட்டமிடல் கூட்டங்களில் பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. ஒழுங்கமைத்தலிலும் பெயரிடலிலும் ஏற்பட்ட பிழையை வழிகாட்டலில் எவ்வளவு மெருகேற்றினாலும் சரிக்கட்ட முடியாது.

பேச்சுக்கு ஒரு நடுத்தர மருத்துவமனையின் தளத்தை எடுத்துக்கொள்வோம். யாரும் குறுக்கிடாவிட்டால் அதன் மெனு எப்படி அமையும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடலாம்: எங்களைப் பற்றி, நிர்வாகம், துறைகள், சேவைகள், செய்திகள், தொடர்புக்கு. துறைகளைத் திறந்தால் இதயவியல், சிறுநீரகவியல், கதிரியக்கவியல் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் துறைத் தலைவரின் வாழ்த்துரை, துறையின் வரலாறு, கருவிகளின் படங்கள். நிறுவனத்துக்குள் யார் யாருக்குக் கீழே பணிபுரிகிறார்கள் என்ற படம்தான் இது. ஒரு நிறுவனம் உருவாக்கும் எந்த அமைப்பும் அந்த நிறுவனத்துக்குள் தகவல் பரிமாறப்படும் விதத்தையே நகலெடுக்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். மென்பொருளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட அந்தக் கருத்து இணையதளங்களுக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. தளத்துக்கு வருகிறவருக்கோ, மூட்டுவலிக்கு யாரைப் பார்ப்பது, அவர் நாளை காலை இருப்பாரா, நேற்று எடுத்த ஸ்கேனின் முடிவு எங்கே கிடைக்கும், உள்நோயாளியைப் பார்க்க எத்தனை மணி வரை அனுமதிப்பார்கள் என்பவைதான் கேள்விகள். இவற்றில் கடைசிக் கேள்விக்கு எந்தத் துறையும் பொறுப்பில்லை. ஆகவே அதற்கான பக்கம் எழுதப்படாமலே போகிறது, அல்லது ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற பக்கத்தின் அடியில் ஒரு வரியாகப் போய்ச் சேர்கிறது. (அந்தப் பக்கம் மிக நீளமாக இருந்தால், தளத்தின் மற்ற இடங்களில் இடம் கிடைக்காத தகவல்களெல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன என்று பொருள். ஏற்கெனவே இயங்கும் ஒரு தளத்தை மதிப்பிடச் சொன்னால் நான் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.)

எனவே முதல் வேலை, இருப்பதையெல்லாம் ஒரு விரிதாளில் பட்டியலிடுவது. பழைய தளம் இருந்தால் அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரிசை. பக்கத்தின் முகவரி, தலைப்பு, யாருக்காக எழுதப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, இப்போது அதற்கு யார் பொறுப்பு, எத்தனை பேர் பார்க்கிறார்கள், வைத்துக்கொள்வதா, திருத்துவதா, வேறொன்றோடு இணைப்பதா, நீக்குவதா என்பவை நெடுவரிசைகள். இது அலுப்பூட்டும் வேலை என்பதில் ஐயமில்லை. பல திட்டங்களில் இதைத் தவிர்த்துவிடுவதற்கும் அதுவே காரணம். ஆனால் பார்வையாளர் நேரம் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதும், எந்த இணைப்பு வழியாகவும் எட்ட முடியாத பக்கங்கள் பல ஆண்டுகளாகக் கிடப்பதும், மிக முக்கியமான கட்டண விவரம் ஒரு பிடிஎஃப் கோப்புக்குள் புதைந்திருப்பதும் இந்தப் பட்டியலில்தான் வெளிப்படும். இல்லாதவற்றையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால், வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் வரும் கேள்விகளை இரண்டு வாரங்களுக்குக் குறித்துவைக்கச் சொல்லலாம். தளத்தில் விடை கிடைக்காதவர்களும், விடை இருந்தும் கண்டுபிடிக்க முடியாதவர்களும் அங்கேதான் அழைக்கிறார்கள். பொறுப்பாளர் என்ற நெடுவரிசை காலியாக இருக்கும் பக்கங்களைத் தயங்காமல் நீக்கும் பட்டியலில் சேர்ப்பது என் வழக்கம். உண்மையிலேயே தேவைப்படுகிறவர் இருந்தால் உடனே முன்வந்து பெயரைக் கொடுத்துவிடுவார்.

பட்டியல் முடிந்ததும், தளத்தைப் பக்கங்களின் தொகுப்பாகப் பார்ப்பதை விட்டுப் பொருள்களின் தொகுப்பாகப் பார்க்கத் தொடங்க வேண்டும். மருத்துவமனைத் தளத்தில் மருத்துவர் ஒரு பொருள், துறை ஒரு பொருள், சிகிச்சை ஒரு பொருள், புறநோயாளிப் பிரிவின் நேரம் இன்னொரு பொருள். மருத்துவருக்குப் பெயர், தகுதி, பேசும் மொழிகள் ஆகிய பண்புகள் உண்டு. அவர் ஒரு துறையோடும் சில சிகிச்சைகளோடும் சில நேரங்களோடும் உறவு கொண்டிருக்கிறார். அவருடைய நேரத்தைத் துறைப் பக்கத்தின் பத்திக்குள் ஒரு வாக்கியமாக எழுதிவிட்டால், செவ்வாய்க்கிழமை வருகிறவர் புதன்கிழமைக்கு மாறும்போது துறைப் பக்கம், அவருடைய சொந்தப் பக்கம், முகப்பில் உள்ள அறிவிப்பு ஆகிய மூன்றையும் யாராவது நினைவுவைத்துத் திருத்த வேண்டும். நேரத்தைத் தனிப் பதிவாக ஓரிடத்தில் வைத்து, தேவைப்படும் இடங்களிலெல்லாம் அதையே காட்டச் செய்தால் திருத்தம் ஒன்றே ஒன்று. இங்கே எழும் கேள்விகள் சாதாரணமாகத்தான் தோன்றும். ஒரு மருத்துவர் இரண்டு துறைகளில் இருக்கலாமா? திட்டமிடும்போது கேட்டால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். கேட்காமல் விட்டால், ஒரு மருத்துவருக்கு ஒரு துறை என்று டெவலப்பர் தாமாகவே ஊகித்துத் தரவுத்தளத்தை அமைத்துவிடுவார். பிறகு மாற்ற வேண்டும் என்றால் உள்ளீட்டுப் படிவம், தேடல், பக்க முகவரி, பக்க வார்ப்புரு என்று எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டியிருக்கும். தகவல் கட்டமைப்பு என்பது வடிவமைப்பாளரின் அக்கறை மட்டுமே என்று நினைக்கிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பொருள்களை எந்த அடிப்படையில் அடுக்குவது என்பது அடுத்த கேள்வி. இடம், அகரவரிசை, காலம், வகை, படிநிலை என்ற ஐந்தைத் தவிர வேறு வழியில்லை என்பது வுர்மனின் கூற்று. முதல் மூன்றில் சச்சரவுக்கு இடமில்லை. ஒரு பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆனால் அவை, தேடுகிறவருக்குத் தான் தேடுவது இன்னதென்று முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே உதவும். மருத்துவரின் பெயர் தெரிந்தவருக்கு அகரவரிசை போதும். மூட்டுவலி என்று மட்டும் தெரிந்தவருக்கு அது ஒரு பயனும் தராது. வகைப்படுத்தல் அவருக்கு உதவும், ஆனால் அதில்தான் சிக்கல் அத்தனையும் இருக்கிறது. நீரிழிவால் காலில் ஏற்படும் புண்ணை நாளமில்லாச் சுரப்பியியலில் வைப்பதா, அறுவைச் சிகிச்சையில் வைப்பதா? நூலகத்தில் அச்சு நூல் ஒன்று அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு அந்தக் கட்டாயத்துக்கு ஏற்பவே அறிவுத்துறைகளைக் கிளைகளாகப் பிரித்தது. எஸ்.ஆர். இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை வேறு பாதையில் சென்றது. ஒரு நூலுக்கு ஏற்கெனவே தயாராக உள்ள ஒரு கட்டத்தைத் தேடித் தருவதற்குப் பதிலாக, அதன் பொருளைப் பல கூறுகளாகப் பகுத்து, அந்தக் கூறுகளைச் சேர்த்து அதற்குரிய எண்ணை ஆக்குவது அவருடைய முறை. இணைய அங்காடிகளில் நிறம், அளவு, விலை என்று தனித்தனியாக வடிகட்டித் தேடுகிறோமே, அதற்கு அடிப்படையான சிந்தனை இதுதான். மருத்துவமனைத் தளத்தில் மருத்துவர்களை நோய், கிழமை, மொழி என்ற மூன்று கூறுகளால் வடிகட்ட வசதி செய்தால், எந்தத் துறையில் தேடுவது என்ற கேள்வியே நோயாளிக்கு எழாது. ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: ஒரே வகைப் பொருள்கள் ஏராளமாக இருந்து, அவை அனைத்துக்கும் ஒரே பண்புகள் தவறாமல் நிரப்பப்பட்டிருந்தால்தான் இந்த முறை பயன்படும். பன்னிரண்டு மருத்துவர்கள் உள்ள இடத்தில் வடிகட்டி வைப்பது வீண்; எல்லோரையும் ஒரே பக்கத்தில் காட்டிவிடலாம்.

பெயரிடலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நடைமுறையில் தளங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாகத் தேர்ந்தெடுக்கும் சொல் ஒன்றாகவே இருப்பதற்கான வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கண்டார்கள். இதன் பொருள் எளிது: கூட்டத்தில் நாம் அனைவரும் ஒத்துக்கொண்ட பெயர், கூட்டத்துக்கு வெளியே இருப்பவரின் வாயில் வரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. ‘நோயறிதல் சேவைகள்’ என்பது மருத்துவமனைக்குள் இயல்பான பெயர். ஸ்கேன் அறிக்கையைத் தேடுகிறவர் அதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவார். ‘பரிசோதனை முடிவைப் பெற’ என்று எழுதினால் நிற்பார். இதை ஊகத்துக்கு விடாமல் கண்டறிய கார்டு சார்ட்டிங் என்ற முறை உண்டு. தளத்தில் வரவிருக்கும் உள்ளடக்கங்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, பயனாளர்களிடம் கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவை என்று அவர்களுக்குத் தோன்றுவதைக் குவியலாக அடுக்கி, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் வைக்கச் சொல்வது இதன் நடைமுறை. சுமார் 15 பேர் போதும் என்பது 2004-இல் இணையப் பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் தந்த பரிந்துரை. முடிவுகளை வாக்கு எண்ணுவதுபோல் பெரும்பான்மை பார்த்து ஏற்றுக்கொள்வது இந்த முறையை வீணடிப்பதாகும். எல்லோரும் ஒரே இடத்தில் வைத்த அட்டைகளைவிட, ஆளுக்கொரு இடத்தில் வைத்த அட்டைகளே அதிகம் கற்றுத்தருகின்றன. ஸ்கேன் அறிக்கையைச் சிலர் ஸ்கேன் பற்றிய தகவலோடும், சிலர் கட்டணம் செலுத்துவதோடும், சிலர் அடுத்த சந்திப்புக்கு முன்பதிவு செய்வதோடும் வைத்தால், அந்த ஓர் அட்டைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் வைத்தாக வேண்டும் என்பது தெளிவாகிவிடும். அட்டைகளை அடுக்கும்போது அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் காரணங்களையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். மெனுவுக்கான நல்ல பெயர்கள் பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்தே கிடைக்கின்றன.

மெனுவில் ஏழுக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதியை யாராவது ஒருவர் கட்டாயம் எடுத்து வைப்பார். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய, ஏழோடு இரண்டு கூட்டியோ குறைத்தோ வரும் எண்ணைப் பற்றிய கட்டுரையே அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அந்தக் கட்டுரை பேசுவது மனத்தில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அளவைப் பற்றி. கண்ணெதிரே எழுதிவைக்கப்பட்டிருக்கும் மெனுவை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதற்கு மாறாக, நேரடியாகவே இணையப் பக்கங்களில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. கெவின் லார்சனும் மேரி செர்வின்ஸ்கியும் 1998-இல், 512 பக்கங்களை மூன்று விதமாக அடுக்கிச் சோதித்தார்கள்: மூன்று நிலைகளில் எட்டு எட்டாக ஒன்று, இரண்டு நிலைகளில், முதலில் 16, அவை ஒவ்வொன்றுக்குள்ளும் 32 என ஒன்று, முதலில் 32, ஒவ்வொன்றுக்குள்ளும் 16 என மற்றொன்று. எட்டு எட்டாக ஆழமாகச் சென்ற அமைப்பில்தான் தேட அதிக நேரம் பிடித்தது. பட்டியல் நீள்வதைவிட, பொதுப்படையான பெயருள்ள கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பதே பயனாளருக்குக் கடினம் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம். எந்தப் பக்கத்தையும் மூன்று கிளிக்குகளில் அடைய வேண்டும் என்ற விதியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஸெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் தகவல் தேடுவதை விலங்குகள் இரை தேடுவதோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். இணைப்பில் எழுதியிருக்கும் சொல், தேடுவது அந்தத் திசையில்தான் இருக்கிறது என்ற மோப்பத்தைத் தருகிற வரையில் மனிதர்கள் மேலே மேலே போவார்கள். மோப்பம் அறுந்தால் இரண்டாவது கிளிக்கிலேயே திரும்பிவிடுவார்கள். ஆகவே எண்ணிக்கையைப் பற்றி வாதிடுவதைவிட ட்ரீ டெஸ்டிங் எனப்படும் கிளைச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. நிறமோ படமோ பக்க அமைப்போ இல்லாமல், மெனுவின் சொற்களை மட்டும் கிளைகளாகக் காட்டி, ‘நேற்று எடுத்த ஸ்கேனின் முடிவை எங்கே தேடுவீர்கள்’ என்று கேட்டு, முதல் கிளிக் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். ஒரு வரி நிரலோ ஒரு படமோ உருவாவதற்கு முன்பே தவறு தெரிந்துவிடுகிறது. திருத்தவும் சில நிமிடங்கள்தான் ஆகும்.

தேடல் பெட்டி இருக்கிறது, தேடுபொறிகளும் இருக்கின்றன, இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. தேடலும் தகவல் கட்டமைப்பின் ஒரு பகுதிதான் என்பது முதல் விடை. பக்கங்களுக்குத் தலைப்பும் வகையும் தேதியும் ஒழுங்காகக் குறிக்கப்படாமல், ஒருபொருட் சொற்களின் பட்டியலும் இல்லாமல் இருந்தால், ‘சர்க்கரை நோய்’ என்று தேடுகிறவருக்கு ‘நீரிழிவு’ என்று எழுதிய பக்கம் கிடைக்காமல் போகக்கூடும். தேடுபொறி வழியாக வருகிறவர் முகப்புப் பக்கத்தைப் பார்க்காமலே நேராக உள்ளே ஒரு பக்கத்தில் வந்து இறங்குகிறார் என்பது இரண்டாவது விடை. தான் எந்தத் தளத்தில், எந்தப் பிரிவில் நிற்கிறோம், இதற்கு அடுத்து என்ன என்பதை அந்த ஒரு பக்கமே அவருக்குச் சொல்ல வேண்டும். முகப்பிலிருந்து அந்தப் பக்கம் வரையிலான பிரிவுகளை வரிசையாகக் காட்டும், பக்கத்தின் மேலே வரும் வழித்தடமும், அடியில் வரும் தொடர்புடைய இணைப்புகளும் இதற்காகத்தான். பொருள்களுக்கு இடையிலான உறவுகள் முன்பே வரையறுக்கப்பட்டிருந்தால் அவற்றைத் தானாகவே வரச் செய்யலாம். வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காக வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுநெறிகளில் 2.4.5 என்ற விதியும், ஒரு செயல்முறையின் படியாகவோ முடிவாகவோ வரும் பக்கங்கள் நீங்கலாக, மற்றவற்றைக் கண்டடைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்க வேண்டும் என்கிறது.

பக்க முகவரிகளையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே எழுதினார். துறையின் பெயரையோ பொறுப்பாளரின் பெயரையோ முகவரியில் சேர்த்தால், நிர்வாக மாற்றம் வரும்போதெல்லாம் முகவரியும் மாறும். பழைய தளத்தை மாற்றி அமைக்கிறவர்கள், முன்பு தயாரித்த விரிதாளில் புதிய முகவரி என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்து, நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 301 என்ற குறியீட்டுடன் பழையதைப் புதியதற்குத் திருப்பிவிட்டால், வெளித் தளங்களிலிருந்து வரும் இணைப்புகளும் பயனாளர்கள் சேமித்துவைத்தவையும் முறியாமல் இருக்கும்.

ஒட்டுமொத்தத் திட்டத்தில் இந்த வேலை எங்கே வருகிறது என்பதற்கு, வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 2000-இல் வெளியிட்ட ஐந்து அடுக்குகள் கொண்ட வரைபடத்தை இன்றும் பரிந்துரைப்பேன். நோக்கம், எல்லை, கட்டமைப்பு, சட்டகம், மேற்பரப்பு என்று கீழிருந்து மேலே செல்லும் அந்த அடுக்கில் தகவல் கட்டமைப்பு நடுவில் இருக்கிறது: தளம் யாருக்காக, எதற்காக என்பது முடிவான பிறகு, பக்க வரைவு தொடங்குவதற்கு முன்பு. அடுக்குகளை இரும்புச் சுவர்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கத்தை வரைந்து பார்க்கும்போதுதான் பொருளுக்கு ஒரு பண்பு விடுபட்டிருப்பது தெரியவரும், அப்போது திரும்பிப்போய்ச் சேர்ப்பதில் தவறில்லை. பத்துப் பக்கங்கள் மட்டுமே உள்ள சிறு தளத்துக்கு மேலே சொன்ன அனைத்தும் தேவையுமில்லை. பட்டியலும், நிறுவனத்துக்கு வெளியே உள்ள நான்கைந்து பேரிடம் பெயர்களைக் காட்டி இதற்குள் என்ன இருக்கும் என்று கேட்பதும் போதும். ஒரே நாளில் முடிந்துவிடும்.

பெரிய தளங்களில் வெளியீட்டுக்குப் பிறகும் வேலை தொடர்கிறது. தங்கள் நிகழ்ச்சியை முதன்மை மெனுவில் போட வேண்டும் என்று ஒரு துறை கேட்கும்போது மறுத்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைத் திட்டமிடும்போதே எழுத்தில் வைக்காவிட்டால், சோதித்து அமைத்த மெனு விரைவிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தப் பொறுப்பாளர் மாதம் ஒருமுறை, தளத்தின் தேடல் பெட்டியில் தேடப்பட்டு ஒரு முடிவும் கிடைக்காத சொற்களின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான்: உள்ளடக்கம் வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கிறது, அந்தச் சொல்லை அதனோடு சேர்த்துவிட வேண்டும், அல்லது உள்ளடக்கமே இல்லை, யாராவது எழுதித்தர வேண்டும்.